கிணற்றடியில் ஒரு நம்பர் சீட்டு

கஜந்தி மரப்பெட்டியோடு உள்ளே வந்தால் டோர்ட்மண்ட் தமிழ்ப் பாடசாலையின் சனிக்கிழமைக் கூச்சல் தானாக அடங்கிவிடும். அந்தப் பெட்டியில் மந்திரம் ஒன்றுமில்லை. படச்சட்டம் போன்ற ஒரு மரக்கூடு, முன்னால் இரண்டு சின்னக் கதவுகள், பக்கத்தில் பட அட்டைகளைச் செருகி உருவ ஒரு பிளவு. ஜெர்மன் கிண்டர்கார்டன்களில் கதை சொல்ல இதைத்தான் வைத்திருப்பார்கள். படம் பிள்ளைகளைப் பார்த்திருக்கும். அதற்குரிய வரி அட்டையின் பின்பக்கம், சொல்பவரின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி இருக்கும்.

கஜந்தியின் பெட்டிக்குள் முயலும் நரியும் வருவதில்லை. மனிதர்கள் வருகிறார்கள். அதுவும் உயிரோடிருப்பவர்கள், இதே நகரத்தில் டிராமில் நம் பக்கத்தில் வந்து உட்காருபவர்கள்.

வாழ்க்கை வரலாறு என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது மாலை போட்ட படம்தான். பிறக்கும்போதே முகத்தில் ஒளி, மூன்று வயதில் ஓர் அற்புதம், ஏழு வயதில் பெரியவர்களுக்கே உபதேசம். இப்படி ஒரு புத்தகத்தைப் படித்து முடிக்கிற பிள்ளை எடுக்கக்கூடிய ஒரே முடிவு, 'இது என்னால் ஆகாது' என்பதே. பிள்ளையைக் கும்பிட வைக்கிற புத்தகம் பிள்ளையைக் குனிய வைக்கிற புத்தகம். பெட்டியில் காட்டிய கதைகளைக் கொண்டு கஜந்தி செய்த புத்தகங்கள் அத்தனையிலும் ஓர் அற்புதம்கூடக் கிடையாது. அதனால்தான் அவை பிள்ளைகளை நிமிர வைக்கின்றன.

அவர் எட்டு வயதில் பெற்றோரோடு இங்கே வந்தவர். அகதிகள் விடுதியில் யாரோ கொடுத்துவிட்டுப் போன படப்புத்தகங்கள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. மொழி தெரியாததால் படங்களைப் பார்த்துத் தானே கதை கட்டிக்கொண்டார். பிறகு ஜெர்மன் படித்து உண்மைக் கதையை வாசித்தபோது பல புத்தகங்களில் தன் கதையே மேல் என்று தோன்றியதாம். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் கொஞ்சம் பெருமை தெரியும்.

நாலாம் வகுப்பு முடிவில், இங்கே பிள்ளைகளை மேல், நடு, கீழ்நிலைப் பள்ளிகளுக்குப் பிரிக்கும்போது, நல்ல புள்ளிகள் வைத்திருந்த அவரை ஆசிரியை ஆகக் கீழ்நிலைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி எழுதினார். 'வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை' என்பது காரணம். தலையெழுத்து என்று ஒன்று இல்லை. ஆனால் அதை எழுதுகிற கைகள் இருக்கின்றன, அவற்றில் சில மிகவும் சுத்தமான, மரியாதையான கைகள். கஜந்தி அந்தக் கீழ்ப்பள்ளியில் இருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்து, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து, நகரத்தின் வடக்கே ஒரு கிண்டர்கார்டனில் ஆசிரியையாகச் சேர்ந்தார்.

அங்கே ஓர் அலுமாரித் தட்டு முழுக்க சாதனையாளர்களின் படப்புத்தகங்கள். விமானம் ஓட்டிய பெண், நட்சத்திரங்களைப் படித்த பெண், கடலின் அடியைப் பார்த்து வந்த ஆள். நல்ல புத்தகங்கள். ஒருநாள் ஒரு தமிழ்ப் பிள்ளை அந்தத் தட்டைக் கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டது:

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லையோ?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் கஜந்தி சனிக்கிழமைப் பாடசாலைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆண்டுக்கு ஒரு மனிதர், ஒரு புத்தகம். அவர் வாயால் சொன்ன வரிகள், சொல் கூட்டாமல் குறைக்காமல். படங்களைப் பாடசாலைப் பிள்ளைகளே கீறுவார்கள். அச்சுக்குப் போகுமுன் அந்த மனிதர் வகுப்பில் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் வந்து இருக்கவேண்டும். அவர் கதையை அவருக்கே பெட்டியில் காட்டுவார்கள். பிள்ளைகள் எதையும் கேட்கலாம். கேட்டதற்குப் பிறகு எதை மாற்றுவது, எதைச் சேர்ப்பது என்று அந்த மனிதர் சொல்வார். வேறு யார் சொன்னாலும் கஜந்தி ஒரு புள்ளியைக்கூட மாற்றமாட்டார்.

அந்தக் கதிரையில் முதலாவதாக இருந்தவர் தம்பித்துரை. ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்து, பிறகு டிராம் சாரதியானவர். அவரைப் பார்த்து ஒரு பிள்ளை, "நீங்கள் ஒருக்காலும் அழேல்லையோ?" என்று கேட்டது. அந்தப் பெரிய மனிதர், ஊரில் தாய் செத்த செய்தி வந்த அன்று டிராமைக் கடைசித் தரிப்பிடத்தில் நிறுத்தி, கதவுகளைப் பூட்டிவிட்டு அழுததைச் சொன்னார். "பிறகு நேரத்துக்கு எடுத்திட்டன்," என்று அவசரமாகச் சேர்த்தார். புத்தகத்தில் இன்று பிள்ளைகள் திரும்பத் திரும்பத் திறக்கிற பக்கம் அதுதான்.

போன ஆண்டு கஜந்தி தேர்ந்தெடுத்தவர் புஷ்பராணி. டோர்ட்மண்ட் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவரிடம்தான் நீச்சல் பழகினார்கள். உள்ளரங்க நீச்சல் குளத்தில், குட்டை மயிரும் கழுத்தில் விசிலுமாக நிற்கிற அறுபது தாண்டிய பெண். முதல் நீச்சல் தேர்வில் தேறியதற்குத் தரும் கடற்குதிரைச் சின்னத்தை அவர் கையால் வாங்கித் தாய்மாரைக் கொண்டு நீச்சலுடையில் தைப்பித்துக்கொள்ளாத பிள்ளை பாடசாலையில் குறைவு.

குளத்துச் சிற்றுண்டிச் சாலையில், ஒரு தட்டு உருளைக்கிழங்குப் பொரியலை நடுவில் வைத்துக்கொண்டு, புஷ்பராணி கஜந்திக்குத் தன் கதையைச் சொன்னார்.

"கிணறு எங்கட வளவில இல்லை. கூப்பிடு தூரத்தில ஒண்டு இருந்தது. ஆனா நாங்கள் தொடேலாது. குடத்தோட போய் ஒதுங்கி நிப்பன். ஆராவது வந்து, தங்கட வேலை முடிய, மனம் வந்தா ஒரு வாளி அள்ளி என்ர குடத்துக்க மேலால ஊத்துவினம். வாளி குடத்தில படாம."

"ஒருத்தரும் வராட்டி?"

"வராட்டி நிக்கிறதுதான். பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனா அடி. ஏன் பிந்தினனி எண்டு வாத்தியார் கேப்பார். அவருக்குக் காரணம் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கிறவர்."

இங்கே வந்து நீச்சல் குளத்தில் துப்புரவு வேலை கிடைத்தது. முதல் நாள் அந்த நீலத் தண்ணீரைப் பார்த்தபடி விளக்குமாறோடு நின்றாராம். யாரும் இல்லாத நேரத்தில் குனிந்து கையை விட்டுப் பார்த்தார். அதைக் கண்ட குளத்து மேற்பார்வையாளர், ஒரு ஜெர்மன் பெண், இவருக்கு நீந்த ஆசை என்று நினைத்து, அடுத்த கிழமையே ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்பில் சேர்த்துவிட்டார்.

"எனக்கு நீந்திற ஆசை இல்லை. தொட்டா ஆராவது பேசுகினமோ எண்டு பார்த்தனான். அவ்வளவுதான்," என்றார் புஷ்பராணி. "பிறகு பார்த்தா மிதக்கிறன்."

நீந்தக் கற்று, உயிர்காப்புப் பரீட்சை எடுத்து, நீச்சல் பழக்குபவராகப் பதவி பெற்றது வரை ஒவ்வொரு அட்டைக்கும் கலகலவென்று வரி சொன்னார். கிணற்று அட்டை வந்தபோது மட்டும் யோசித்தார். "கிணற்றடியில் நான் காத்திருந்தேன். இவ்வளவும் எழுதும், போதும்."

"அக்கா, பிள்ளையளுக்கு விளங்காது."

"விளங்கவேண்டிய ஆக்களுக்கு விளங்கும்."

அது சரியாகவே நடந்தது. பெற்றோர் குழுத் தலைவர் அருட்பிரகாசம், வழக்கம்போல வரிகளை முன்கூட்டி வாசித்தவர், அந்த மூன்று சொற்களில் வந்து நின்றுவிட்டார். யாரும் அவருக்கு விளக்கவில்லை. பாடசாலைக்கு மண்டபம் எடுத்துக்கொடுத்து, பனியில் கதவு திறந்து, கதிரை அடுக்கி, இருபது ஆண்டாக உழைக்கிற மனிதர்தான் அவர்.

"ரீச்சர், இந்த வரி தேவையோ?"

"அக்கா சொன்னது அண்ணை."

"சொல்லுவா. இஞ்ச பிறந்த பிள்ளையளுக்குச் சாதி எண்டா என்னெண்டே தெரியாது. நீங்கள் படமும் போட்டுப் பழக்கப்போறியளோ?"

இந்த வாதம் புதிதல்ல. டோர்ட்மண்டிலும் கேட்கலாம், எங்கேயும் கேட்கலாம். பிள்ளைகளுக்குத் தெரியாதாம், ஆகவே பேசக்கூடாதாம். அதே வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு வரட்டும். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, "அவை எந்தப் பக்கத்து ஆக்கள்?" என்று தொலைபேசியில் குரல் தணியும். பிள்ளைக்கு விஷயம் தெரியாமல் போகலாம். குரல் தணிந்தது தெரியும். நோயை ஒழிக்க நோயின் பெயரைச் சொல்லாமல் விட்டால் போதும் என்பது மருத்துவம் அல்ல. நோயை வீட்டில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களின் தந்திரம்.

அருட்பிரகாசத்தின் கவலையைத் தீர்த்து வைத்தது ஆதிரை கீறிய படம்.

ஆதிரைக்குப் பதினொரு வயது, வகுப்பிலேயே நல்ல கை. அந்த ஒரு வரியையும், கப்பி பூட்டிய கிணற்றின் பழைய படம் ஒன்றையும் கொடுத்திருந்தார்கள். அவள் கிணற்றை அழகாகக் கீறினாள். சுற்றிவர வாழை, பின்னால் பனை. கிணற்றுக்கு முன்னால் ஆட்கள் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். கடைசியில் சிறுமி புஷ்பராணி, ஒரு கையில் குடம், மறு கையில் ஒரு நம்பர் சீட்டு. நாற்பத்தேழு. கப்பிக்கு மேலே ஒரு கறுப்புப் பலகை, அதில் சிவப்பு வெளிச்சத்தில் பன்னிரண்டு.

"இதென்னம்மா?" என்று கஜந்தி கேட்டார்.

"நம்பர். காத்திருக்கிறதெண்டா நம்பர் எடுக்கவேணுமெல்லோ ரீச்சர். நானும் அம்மாவும் விசாவுக்குப் போனா அப்பிடித்தானே."

காத்திருத்தல் பற்றி அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் நகராட்சி அலுவலகம். அங்கே நேரம் போகும், சலிப்பு வரும், ஆனால் முறை வரும். முறையே வராத காத்திருத்தல் ஒன்று இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கஜந்தியும் சொல்லமுடியாது. சொன்னால் அது புஷ்பராணி கொடுக்காத வரி.

படம் ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தபோது அருட்பிரகாசம் பார்த்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்தார்.

"இது நல்லாயிருக்கு ரீச்சர். கிணத்தடியில கியூ. வரியும் இருக்கட்டும், படமும் இருக்கட்டும். ஒண்டும் மாத்தவேண்டாம். பரிசளிப்பில எல்லாருக்கும் குடுப்பம்."

கஜந்தி அட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு நீச்சல் குளத்துக்குப் போனார். புஷ்பராணி ஈரக் கையைத் துடைத்துவிட்டு, படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"நாப்பத்தேழோ? பரவாயில்லை, மத்தியானத்துக்கிடையில வந்திடும்." பிறகு சிரிப்பு நின்றது. "அருட்பிரகாசம் பார்த்தவரோ?"

"ஓம். இப்பிடியே விடட்டாம்."

"அவற்ர மூண்டு பிள்ளையளும் என்ர கையிலதான் மிதந்ததுகள்," என்றார் புஷ்பராணி, குற்றம் சொல்லுகிற குரலில் அல்ல.

"நான் ஆதிரையை வேற படம் கீறச் சொல்லட்டோ அக்கா? நீங்கள் ஓமெண்டா சொல்லுறன்."

"வேண்டாம். படத்தை மாத்தாதையும். பிள்ளையளுக்குச் சொல்லியும் குடுக்காதையும். நான் வந்து இருக்கிறன். ஒரு பிள்ளையாவது கேட்டா உள்ளதைச் சொல்லுறன். ஒருத்தரும் கேக்காட்டி, நம்பரோட அச்சடியும்."

"அது பொய்யெல்லோ அக்கா."

"ஓம், பொய்தான். ஆனா கேக்காத ஆக்களுக்கு நான் ஏன் என்ர கதையைச் சொல்லவேணும்?"

கஜந்தி வகுத்த விதியே அவரைக் கட்டிப்போட்டது. ஒரு பெண்ணின் வாழ்க்கை உண்மையாக அச்சில் வருவதா, வேடிக்கையாக வருவதா என்பது இப்போது ஏதோ ஒரு பிள்ளையின் வாயில் இருந்தது.

காட்டுகிற சனிக்கிழமை புஷ்பராணி விசில் இல்லாமல், சேலையில் வந்தார். "அன்ரி உடுப்போட வந்திருக்கிறா," என்று ஒருத்தன் சத்தமாக அதிசயப்பட்டதில் வகுப்பே சிரித்தது. அவர் குட்டிக் கதிரையில் முழங்கால் உயர இருந்தார். பின்வரிசையில் பெற்றோர்கள், அவர்கள் நடுவில் அருட்பிரகாசம்.

கஜந்தி பெட்டியின் கதவுகளைத் திறந்தார். வீடு, வளவு, கோழிகள். இரண்டு அட்டைகள் போயின. மூன்றாவது கிணறு.

"கிணற்றடியில் நான் காத்திருந்தேன்."

பிள்ளைகள் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. நம்பர் சீட்டு அவர்களுக்கு வேடிக்கையாகவே படவில்லை, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கஜந்தி வேறெந்த அட்டையையும் அவ்வளவு நேரம் பெட்டியில் வைத்திருந்ததில்லை. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இன்னும் வைத்திருந்தால் அது கேட்கத் தூண்டுவதாகிவிடும். அட்டையின் ஓரத்தைப் பிடித்து உருவத் தொடங்கினார். வாழைகள் போய்விட்டன. வரிசையின் முன்பாதியும் போய்விட்டது.

"பொறுங்கோ ரீச்சர்."

முன்வரிசையில், முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி. அவள் பார்வை பெட்டியில் இருந்து புஷ்பராணிக்குப் போனது.

"அன்ரி, உங்கட நம்பர் எப்ப வந்தது?"

"வரேல்லையம்மா."

"மெஷின் பழுதோ?"

"இல்லை. மெஷின் நல்லாத்தான் வேலை செய்தது. எங்களுக்கு மட்டும் சீட்டுக் குடுக்கிறேல்லை."

"ஏன்?"

புஷ்பராணி சொன்னார். குரலை உயர்த்தாமல், நீச்சல் பழக்கும்போது மூச்சை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று சொல்வாரே, அதே மாதிரி. ஊரில் சில ஆட்கள் தங்களை உயர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டதையும், மற்றவர்கள் தொட்டால் தண்ணீர் கெட்டுவிடும் என்று நம்பியதையும், வாளி குடத்தில் படாமல் ஊற்றியதையும், வராத நாட்களில் நின்றதையும், பிந்திப் போய் அடி வாங்கியதையும்.

"புஷ்பராணி," என்று அருட்பிரகாசம் எழுந்தார், "சின்னப் பிள்ளையளுக்கு முன்னால இதெல்லாம் இப்ப..."

"அண்ணை, பிள்ளை என்னைத்தான் கேட்டது."

அவர் நின்றபடி நின்றார். பிள்ளைகளின் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. தொட்டால் தண்ணீர் உண்மையிலேயே நிறம் மாறுமா என்று ஒருத்தி கேட்டாள். பொலிசில் ஏன் சொல்லவில்லை என்று இன்னொருத்தி. பொலிஸ்காரரும் அதே கிணற்றில் குடித்தவர்கள்தான் என்று பதில் வந்தது.

"அப்ப ஏன் அன்ரி எங்கள் எல்லாருக்கும் நீச்சல் பழக்கினீங்கள்?" என்று ஒரு பெரிய பையன் கேட்டான்.

"சம்பளம் தந்தவங்கள்."

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, புஷ்பராணி தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "தண்ணிக்க இறங்கின பிள்ளை ஆற்ற பிள்ளையெண்டு இந்தக் கையுக்குத் தெரியாது மோனை. தாளப்போகுதோ, மிதக்கப்போகுதோ, அது மட்டும்தான் தெரியும்."

ஆதிரை மட்டும் எதுவும் கேட்கவில்லை. முகம் சிவந்திருந்தது. கடைசியில் எழுந்து வந்து, பெட்டியில் பாதி வெளியே நின்ற தன் அட்டையை இழுத்தெடுத்தாள்.

"நான் கீறினது பிழை."

"கிழிச்சுப்போடாத," என்றார் புஷ்பராணி. "அப்பிடி ஒரு கிணறு இருந்திருந்தா எவ்வளவு நல்லம். நான் நிண்டது வேற கிணறு. அதையும் கீறு."

அடுத்த கிழமை பெற்றோர் குழு கூடி, அந்தப் புத்தகத்தைப் பரிசளிப்பில் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. அந்தப் பக்கத்தை எடுத்தால் மறுபடி யோசிக்கலாமாம். கஜந்தி எழுந்து, "எடுக்கச் சொல்லி அக்கா சொல்லேல்லை," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு சில வீடுகளில் இருந்து பிள்ளைகள் படப்பெட்டி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். பாடசாலையில் அறை தரமுடியாது என்றும் சொல்லப்பட்டது. மரப்பெட்டி இப்போது சனிக்கிழமைகளில் கஜந்தி வேலை செய்யும் கிண்டர்கார்டனின் விளையாட்டறையில் திறக்கிறது. முன்பல் முளைத்துவிட்ட அந்தச் சிறுமி அங்கே முதல் ஆளாக வருகிறாள்.

ஒரு மனிதர் அன்பானவராகவும், ஊருக்கு உழைப்பவராகவும், அதே சமயம் ஓர் அநீதியின் காவல்காரராகவும் இருக்கமுடியும் என்பதை அந்தக் குழு மறுபடி காட்டியது. கஜந்தி காட்டியது வேறு. பிள்ளைகளை நம்பலாம் என்பது. அவர்களுக்கு முன்னால் ஓர் உண்மையான மனிதரை உட்கார வைத்து, கேட்கிற உரிமையைக் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்கத் துணிந்தால் போதும். அந்தத் துணிவு உபதேசம் செய்கிற துணிவைவிடப் பெரியது.

ஆதிரையின் இரண்டாவது படம் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. அதே கிணறு, அதே வாழை, பனை. பலகையும் இல்லை, வரிசையும் இல்லை. கயிறு இழுக்கிற கைகள் நிறைய. வளையல் போட்டவை, மணிக்கூடு கட்டியவை. தள்ளி ஓர் ஓரத்தில் குடத்தோடு சிறுமி. அவளுக்கு மட்டும் கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. தண்ணீர் அள்ளுபவர்கள் ஒருவருக்கும் முகம் இல்லை. வெறும் கடுதாசி வெள்ளையாக விடப்பட்டிருந்தது.

கஜந்தி படத்தைப் புஷ்பராணிக்குக் காட்டும்போது ஆதிரையையும் கூட்டிப்போனார்.

"முகத்தைக் கீறாம விட்டிட்டாய்," என்றார் புஷ்பராணி.

"ஆரெண்டு தெரியாது," என்றாள் ஆதிரை. "வீட்டில கேட்டனான், அங்க அள்ளின ஆக்கள் ஆரெண்டு. அப்பா தெரியாதெண்டவர். அம்மா போன் எடுக்கவேணுமெண்டு எழும்பிப் போனவ. அப்பம்மாட்டையும் கேட்டனான். அவ டிவி சத்தத்தைக் கூட்டினவ."

புஷ்பராணி அந்த வெள்ளை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிறைய நேரம் எடுத்தது. தனக்குத் தெரிந்த பெயர்களை அவற்றின் மேல் வைத்துப் பார்த்திருக்கலாம். ஒன்றையும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"இப்பிடியே அச்சடியும்," என்றார்.

புத்தகத்தில் இரண்டு படங்களும் இருக்கின்றன. இடப்பக்கம் நம்பர் சீட்டோடு நிற்கிற சிறுமி, வலப்பக்கம் முகமில்லாதவர்களிடமிருந்து தள்ளி நிற்கிற சிறுமி. இரண்டுக்கும் கீழே ஒரே வரி: கிணற்றடியில் நான் காத்திருந்தேன்.